சின்னக் கேமராவின் மேல் பழி

“சொவத்த உட்டு வாங்க சாமி.”

போட்டோக்காரம்மா வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். வாங்க, உக்காருங்க என்பதெல்லாம் அப்புறம். மாடிப்படி ஏறி வருகிற ஆண், அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து பிரித்த சட்டையின் மடிப்புக் கோடுகள்கூட அழியாமல், நேராகப் போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொள்வான். யாரும் சொல்லித் தருவதில்லை. நாற்பதை நெருங்கியும் பெண் அமையாத ஆண்களுக்கு முதுகுக்காவது ஒரு துணை வேண்டியிருந்தது. அவர் அதையும் பிடுங்கிக்கொள்வார். முழங்கையில் இரண்டே விரலை வைத்து அறையின் நட்டநடுவுக்குக் கூட்டி வந்து நிறுத்திவிடுவார். நாலாபக்கமும் ஒன்றுமில்லாத இடத்தில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், சந்தைக்கு ஓட்டி வந்த மாட்டைப்போல அந்த ஆள் நிற்பான்.

அவருடைய கேமரா அப்படிக் கேட்டது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்னக் கேமரா. உள்ளே வெளிச்சத்தை வாங்குகிற சென்சார் கட்டைவிரல் நகத்தளவுதான். மண்டபங்களில் தோளை இழுத்துக்கொண்டு தொங்குகிற பெரிய கேமராக்களில் அது ஒரு தபால்தலை அளவு இருக்கும். முகத்தை மட்டும் நிறுத்தி, பின்னால் இருப்பதையெல்லாம் பாலாகக் கரைத்துவிடுவது அவற்றுக்குச் சுலபம். சின்னதுக்கு அந்தத் தாராளம் கிடையாது. முகத்தோடு சேர்த்துக் காரை பெயர்ந்த இடத்தையும் காலண்டர் ஆணியையும் காட்டிக்கொடுத்துவிடும். சுவர் தூரப் போனால்தான் அது மங்கும். சுவரைத் தள்ள முடியாது என்பதால் அவர் ஆளைத் தள்ளினார்.

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில், போர் போடுகிற ரிக் வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடைகளுக்கு மேலே அந்த மாடி. ஜன்னலைத் திறந்தால் மலை. மலைமேல் ஆணும் பெண்ணும் ஓருடம்பாக நிற்கிற சாமி. அடிவாரத்தில், ரோட்டோரத்தில், டீக்கடை பெஞ்சில், லாரிக் கூண்டுக்குள், பாதியாகவே நின்று காய்ந்துகொண்டிருந்த ஆண்கள். அந்தப் பாதிகளில் ஒருவன் என் தம்பி.

தம்பி ரிக் வண்டியில் டிரில்லர். மாதக்கணக்கில் வடக்கே போய், பாஷை தெரியாத காடுகளில் பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். ஊருக்கு வரும்போது காது பாதி அடைத்திருக்கும், நகக்கண்ணில் வேறு ஊர் மண் இருக்கும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனுக்குப் பெண் தேடுவது என் பாடாகிவிட்டது. ஆட்டையாம்பட்டியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டிலிருந்து ஜாதகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறினேன். ஜாதகம் பொருந்தும். காடு தோட்டம் இருக்குதா என்பார்கள், இருக்கிறது. ஊடு? அதுவும் இருக்கிறது. பையன் என்ன பண்றாப்ல? ரிக்கு. அவ்வளவுதான், காப்பி டம்ளரை எடுக்க உள்ளே போகிறவர்கள் திரும்பி வருவதில்லை.

“காடு வேணுமாம், காட்டுல நிக்கறவன் வேண்டாமாம்” என்று தம்பி சிரிப்பான். வருஷத்துக்கு வருஷம் அந்தச் சிரிப்பு சன்னமாகிக்கொண்டே வந்தது. ஒரு தடவை ஊருக்கு வந்தபோது சிரிக்கவேயில்லை. முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, “நான் இல்லாட்டியும் இந்தக் காடு இங்கயேதான் கெடக்கும், இல்லக்கா?” என்று சாதாரணமாகக் கேட்டான். இவனை எப்படியாவது ஒருத்தி கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கைநழுவிப் போய்விடுவான். அந்தப் பயம்தான் என்னைப் போட்டோக்காரம்மாவின் படியேற வைத்தது.

ஏனென்றால் இப்போதெல்லாம் ஜாதகத்துக்கு முன்னாடி போட்டோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. புரோக்கர் போனிலிருந்து பெண்ணின் மாமன் போனுக்கு. மாமன் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்ப்பார். முன்நெற்றி எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, மீசைக்கு அடியில் வெள்ளை தெரிகிறதா, பின்னால் இருப்பது ஓட்டு வீடா, கான்கிரீட் தார்சா. ஒரு மனிதனின் மிச்ச ஆயுள் முழுக்க அந்த இரண்டு விரலுக்கு நடுவில் விரிந்து சுருங்கும்.

தம்பியை முதன்முதலில் கூட்டிப் போனபோது அவன் காதோரத்தில் தலைச்சாயம் வழிந்து காய்ந்திருந்தது. அவர் பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு அவனையே துடைத்துக்கொள்ளச் சொன்னார்.

“காதுக்கெல்லாம் எதுக்குங்க சாயம்? காதுக்கு வயசாகறதில்ல.”

தம்பி வெட்கப்பட்டான். வெகுகாலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வெட்கத்தைப் பார்த்தேன்.

“போன தடவ எந்தப் பக்கங்க போரு போட்டீங்க? தண்ணி உழுந்துச்சா?”

“ஒரு மலைக்காட்டு ஊருங்க. மூணு எடத்துல புழுதிதான் பறந்துச்சு. நாலாவதா ஒரு கெழவி வந்து, இங்க போடுன்னு காலால கோடு கிழிச்சுச்சுங்க. எங்க மேனேஜர் சிரிச்சாரு. போட்டோம். பாத்தா, குழாய ஒதைச்சுக்கிட்டு மேல வருது. ஊரே வந்து நனையுதுங்க. அந்தக் கெழவி எங்கையப் புடிச்சுக்கிட்டு…” என்று சொல்லிக்கொண்டே போனவன், சட்டென்று நினைவு வந்தவனாய், “போட்டோ எடுக்கலீங்களாம்மா?” என்றான்.

“அது அப்பவே எடுத்தாச்சு. நீங்க அந்தக் கெழவியச் சொல்லி முடிங்க.”

அந்தக் கேமராவின் நல்ல குணம் அது. கையிலிருப்பது யாருக்கும் உறைக்காது, சத்தம் போடாது. பெரிய கேமராவைக் கண்டால் விறைத்துக்கொள்கிற முகங்கள் இதன் முன்னால் பேச்சுவாக்கில் அவிழ்ந்துவிடும். படத்தில் தம்பி தண்ணீரைக் கண்டவனாக இருந்தான்.

படம் போன ராசிபுரம் பக்கத்துப் பெண் வீட்டிலிருந்து புரோக்கர் சொன்னார், வேண்டாமாம்.

அதைச் சொல்ல நாங்கள் போனபோதுதான் போட்டோக்காரம்மாவை நான் உண்மையாக அறிந்துகொண்டேன். அவர் வருத்தப்படவில்லை, தேறுதல் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, உச்சுக்கொட்டி, ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தவரைப்போலத் தலையை ஆட்டினார்.

“எம் மேல தப்பு சாமி. இது சின்ன சென்சாரு. அன்னிக்கு மேகம் போட்டிருந்துச்சு, வெளிச்சம் பத்தல. கன்னத்தப் பாருங்க, மணல வாரி அடிச்சாப்ல இருக்குது. இந்த மூஞ்சிய நானே வேண்டாம்னுதான் சொல்லுவேன். உங்கள யாரும் ஒண்ணுஞ் சொல்லுல. வாங்க, வேறொண்ணு எடுக்கலாம். சொவத்த உட்டு வாங்க.”

தம்பி படியிறங்கும்போது ஏறக்குறைய ஓடினான். கீழே எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான். “கேமராதாங்க்கா சின்னது” என்று இரண்டு தடவை சொன்னான். அந்த மத்தியான வெயிலில் அவனைச் சுற்றி மட்டும் ஏதோ நிழல் விழுந்திருந்தது.

பிறகு பார்த்தால் அவனுக்கு மட்டுமில்லை. முறை வரட்டும் என்று மூலையில் உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்களுக்குச் சொல்வதும் காதில் விழும். தறி ஓட்டுகிறவனுக்கு மேகம். லாரி டிரைவருக்குக் கரண்டு மங்கல். மரவள்ளி போட்டு விலை போகாமல் நொடித்தவனுக்கு லென்ஸில் பூஞ்சை. வேண்டாம் என்ற சொல் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் கடைசியில் அந்த உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டியின் மேல்தான் வந்து விழுந்தது. அது அத்தனை பழியையும் வாங்கிக்கொண்டு மேஜைமேல் பேசாமல் கிடந்தது. கீழ்க்கடைக்கு வருகிற கல்யாண வீடியோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சீண்டுவார்.

“ஏனுங்க்கா, இன்னும் அந்தப் பொம்மைய மாத்தலீங்களா?”

“மாத்துனா எம் பொழப்பு என்னாவறதுங்க தம்பி.”

அவர் சிரித்துவிட்டுப் போவார். போட்டோக்காரம்மா சிரிக்க மாட்டார்.

புரோக்கர்கள் முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்வார்கள். முடியவே முடியாது என்பார். “இவுங்க வெளுத்து அனுப்பிச்சிருவாங்க. நேர்ல பாத்துட்டு வேண்டாம்னா, அங்க வந்து நின்னு மேகம்னு நான் சொல்ல முடியுமா?” கழுத்தில் கேமராப் பட்டை எப்போதும் கிடக்கும். வேறென்ன கிடந்தது என்று நான் கவனித்ததில்லை. அவர் யார் வீட்டுப் பெண், யாரோடு வாழ்ந்தார் என்றெல்லாம் கேட்கத் தோன்றியதுமில்லை. அவரிடம் போன நாங்கள் எல்லோரும் எங்களை மட்டுமே சுமந்துகொண்டு போனோம்.

ஒருநாள் சுவரோரம் ஆளுயரப் படம் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. பணி ஓய்வு பெறுகிற ஆசிரியை ஒருவருக்காகப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தார்களாம். கிட்டே போய்ப் பார்த்தேன். புருவத்து முடி தனித்தனியாக இருந்தது. மூக்குக் கண்ணாடி அழுத்திய தழும்பு, மேலுதட்டு வேர்வை, எல்லாம் இருந்தன. மணல் இல்லை. ஒரு துகள்கூட இல்லை.

“இது எந்தக் கேமராங்க்கா?”

“எங்கிட்ட என்ன பத்துக் கேமராவா இருக்குது?”

“அப்ப எந்தம்பி கன்னத்துல மட்டும் எப்புடி மணலு?”

அவர் மெல்லிய துணியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். துடைத்து முடித்ததையே மறுபடியும் துடைத்தார்.

“முன்ன பெரிய கேமராதான் வெச்சிருந்தேன் அம்மிணி. நாமக்கல் பக்கம், கோழிப்பண்ணக்காரப் பையன் ஒருத்தன். நானே அசந்து போறாப்ல ஒரு படம் உழுந்துச்சு. அதப் பாத்துட்டும் வேண்டாம்னுட்டாங்க. வந்து, இந்தா இங்கதான் நின்னான். ‘இதவிட நல்லா எடுக்க முடியுங்களா’ன்னான். எனக்குக் கர்வம். முடியாதுங்க, இதுக்கு மேல ஒண்ணுமில்லைன்னுட்டேன். செரிங்கன்னு போனான். அடுத்த வாரம் அவிங்க அண்ணன் வந்தாரு. அதே படத்தப் பெருசாப் போட்டுத் தாங்கன்னாரு. மாலை போடறதுக்கு.”

ரோட்டில் ஒரு ரிக் வண்டி நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

“அப்பவே அந்தக் கேமராவக் கைகழுவிட்டேன். வேண்டாம்னு கேட்டவன் கைல ஏதாச்சும் ஒண்ணக் குடுத்து அனுப்போணும் அம்மிணி. வெறுங்கையோட படியெறங்குனா உழுந்துருவான்.”

தம்பி ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் வீட்டுக்குக்கூடப் போகாமல், பையோடு நேரே அந்த மாடிக்குத்தான் போனான். மீசையை எடுத்தான், வைத்தான். நீலச் சட்டை, பிறகு வெள்ளை, பிறகு கட்டம் போட்டது. தப்பு கேமராவில் இருக்கிறது என்று நம்புகிறவன் கேமராவுக்குத் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டேயிருந்தான். இது மருந்தா, மருந்து என்ற பேரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிற வேறொன்றா? எனக்குப் பிடிபடவில்லை. ஒரு தடவை பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

“இப்புடியே எது வரைக்குங்க்கா?”

“அடுத்த போட்டோ வரைக்கும்” என்றார்.

இப்போது அந்த மாடியில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். போட்டோக்காரம்மா சேலம் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொல்கிறார், இல்லை கண்ணு சரியில்லாமல் தொழிலை விட்டுவிட்டார் என்று இன்னொருவர். பேரைச் சொல்லி விசாரிக்கலாம் என்றால் பேர் தெரியாது. ஆனால் அந்த அறையின் நடுவில் நின்ற முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. ஒவ்வொருவனும் மேகத்தைத் திட்டிக்கொண்டு உயிரோடு படியிறங்கினான்.

தம்பி அந்தப் பெரிய பையோடு வந்த நாளைச் சொல்ல வேண்டும்.

சூரமங்கலத்தில் கேமரா வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து, குழந்தையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்திருந்தான். மேஜைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தான்.

“ஏனுங்கம்மா, கேமரா சின்னது, சின்னதுன்னு எனக்காக நீங்க எத்தன வருத்தப்பட்டிருக்கீங்க. இந்தாங்க. பெரிய சென்சாரு. லென்சும் பெருசுங்க. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்துலயே ஒரு எடம் வந்திருக்குது. அக்கா பேசி வெச்சிருக்குது. போட்டோ மட்டுந்தான் பாக்கி.”

போட்டோக்காரம்மா அந்தக் கேமராவைப் பார்த்த பார்வையை நான் வேறெங்கும் கண்டதில்லை. வீட்டுக்குள் வந்துவிட்ட பாம்பின் முன்னால், குழந்தை மிரண்டுவிடக் கூடாதே என்று அசையாமல் நிற்கிற தாயின் பார்வை.

“தோள்பட்ட வலிங்க சாமி. இத்தன கனத்தத் தூக்க முடியாது.”

“நான் ஸ்டாண்டும் கொண்டாந்திருக்கேனுங்க.”

“எனக்குப் பழக்கமில்லீங்களே.”

“நீங்க பெரிய கேமராவுலதான் இருந்தீங்கன்னு கீழக் கடைல சொன்னாங்களே.”

“பொழுது வேற… மேகமா…”

தம்பி ஜன்னலைப் பார்த்துச் சிரித்தான். மலை வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. “மேகம் எங்கீங்கம்மா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவன் முகம் அவ்வளவு நம்பிக்கையோடு இருந்ததில்லை. அதைத் தட்டிவிட எந்த அக்காவுக்குக் கை வரும்? “எடுங்க்கா” என்றேன்.

எடுத்தார். முதலில் பட்டன்களைத் தேடித் தடுமாறினார். பிறகு அந்தக் கண்ணாடிக்குள் என்ன தெரிந்ததோ, தடுமாற்றம் நின்றுவிட்டது. சுவரை ஒட்டிய மாதிரியே தம்பி நின்றான். அவர் அவனை முன்னால் வரச் சொல்லவில்லை. அந்தக் கேமராவுக்கு அது தேவைப்படவில்லை. அது சுவரை அவனுக்குப் பின்னாலேயே கரைத்துப் புகையாக்கிவிட்டது. திரையில் வந்த தம்பியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். நாற்பத்தொரு வயதுக்காரன். வெயில் தின்ற நெற்றி. பொய் சொல்லத் தெரியாத வாய். யாரையாவது கூடவே வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை மட்டும் தேயாமல் இருக்கிற கண்கள். அவன் அப்படியே அதில் இருந்தான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

புரோக்கர் எனக்குத்தான் போன் செய்தார்.

“போட்டோ பிரமாதம்னாங்கம்மா. ஊடே கூடி உக்காந்து பாத்துச்சாம். ஒரு கொறையும் இல்லீங்களாம். வேண்டாமாம்.”

தம்பியிடம் மறைக்கலாமென்று பார்த்தேன். என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டான். அன்று பொழுது சாய்வதற்குள் அவன் வண்டி வடக்கே கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் மாடிக்குப் போய் வரலாம் என்றான். போனோம். போட்டோக்காரம்மா எங்கள் முகத்தைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“எனக்கு அப்பவே தெரியுஞ் சாமி. அந்தக் கேமரா என் கைக்கு அடங்குல. வெளிச்சம் ஒரு பக்கமா—”

“நல்லாருந்துச்சுங்கம்மா.”

“இல்லீங்க, ஒருக்கா பழைய கேமராவுலயே—”

“ரொம்ப நல்லாருந்துச்சுங்க” என்றான் தம்பி. மரியாதையாக, மெதுவாக, பெரிய மனுஷனைப் போலச் சொன்னான். “அதனாலதான் இனி வேண்டாங்கறேன்.”

கையெடுத்துக் கும்பிட்டான். “போறேனுங்க” என்றான்.

எங்கள் பக்கம் விடைபெறும்போது யாரும் போறேன் என்று சொல்வதில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்களைத் தவிர எல்லோரும் வாரேன் என்றுதான் சொல்வோம். அவன் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது. அவசரமே இல்லை. நான் பின்னால் ஓட எழுந்தபோது போட்டோக்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இருங்க அம்மிணி. இருங்க. அதுல இருக்கும். இல்லாம இருக்காது.”

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். விரித்தார். நெற்றி, மூக்கு, காது மடல், கழுத்துப் பட்டி. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார். மூச்சு கண்ணாடியில் படிந்தது, முந்தானையால் துடைத்தார், மறுபடியும் தேடினார். காணாமல் போன பிள்ளையைக் கிணற்றடியில் தேடுகிறவரைப்போல, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே தேடினார். கீழே ஒரு வண்டி உறுமிப் புறப்பட்டது. அது தம்பி ஏறியதுதானா என்று தெரியவில்லை.

“இந்தா!”

அவர் விரல் திரையில் குத்தி நின்றது.

“பெரிய சென்சாருல ஃபோகஸ் ஒரு நூலுதான் அம்மிணி. ஒரு கண்ணுல உக்காந்தா இன்னொண்ணுல நழுவிரும். பாருங்க. இந்தக் கண்ணு நழுவியிருக்குது. தெரியுதா? தெரியுதுல்ல?”

பார்த்தேன். கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. கருவிழிக்குள் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்குள் மலை தெரிந்தது. மறு கண்ணிலும் அதே ஜன்னல், அதே மலை. இரண்டும் கழுவி வைத்ததுபோலத் தெளிவாக இருந்தன.

“தெரியுதுங்க்கா” என்றேன்.

“கூப்புடுங்க அவர.”

கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டேயிருந்தது. நின்றது. மறுபடி கூப்பிட்டேன். எடுத்தான். என்ஜின் இரைச்சல், கிளீனர் யாரையோ திட்டுகிற சத்தம், ஹாரன்.

“சொல்லுக்கா.”

“தம்பி, அந்தப் போட்டோவுல ஒரு கண்ணு ஃபோகஸ் இல்லியாம். இப்பத்தான் அவங்க பாத்துச் சொல்றாங்க. அதான்டா. அதனாலதான்.”

இரைச்சல் மட்டும் வந்தது. போட்டோக்காரம்மாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, சத்தமில்லை.

பக்கத்திலிருக்கும் ஆட்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு தம்பி கேட்டான்.

“எந்தக் கண்ணுக்கா?”